பூனைக்குப் போன மத்திக் குழம்பு

சுக்கு மணம் போகாத கையால் எனக்குச் சோறு போட்ட என் அத்தைக்கு,

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு இது ஏழாம் மாதம், இரண்டாவது பிள்ளை. நீங்கள் பார்க்காமல் போன பேரனுக்கு மூன்று வயது, வீட்டை இரண்டாக்குகிறான்.

தினமும் வெயில் ஏறுமுன் தோப்பும்படிப் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது நீங்கள் நடக்கக் கூப்பிட்டால் கால் வலி என்று இழுத்துப் போர்த்திக்கொண்ட அதே நான்தான். இப்போது உங்கள் மகன்தான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருகிறார்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை அத்தை.

மட்டாஞ்சேரிக் கிடங்கில் சுக்கு புடைக்கப் போகுமுன், மத்திக் குழம்பும் முருங்கைக்கீரையும் செய்து மூடி வைத்துவிட்டுப் போவீர்கள். "மிச்சம் வைக்காம சாப்பிடு தாயி, பிள்ளைக்கு ரத்தம் ஊறணும்" என்பீர்கள். நீங்கள் தெருமுனை தாண்டியதும் பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி வருவாள். "கூடுதல் தின்னா குழந்தை பெருசாகும் மோளே, அப்புறம் ஆபரேஷன்தான்" என்பாள். எனக்குக் கத்தி என்றாலே உயிர் போய்விடும். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மீதியைப் பின்சுவருக்கு அப்பால் பூனைகளுக்குப் போட்டுவிடுவேன். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தும் வைப்பேன். சாயந்தரம் அதைப் பார்த்து உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்.

ஆறாம் மாதப் பரிசோதனையில் ரத்தம் குறைவு என்று வந்தது. நர்ஸ் என்னை விட்டுவிட்டு உங்களைப் பிடித்துக்கொண்டார். "கர்ப்பிணிக்கு வீட்டில ஒண்ணும் கொடுக்கறதில்லையோ அம்மே?" நீங்கள் விரல்களைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து நின்றீர்கள். "இனி நல்லாப் பாத்துக்கிடுதேன்" என்றீர்கள்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஏன் திறக்கவில்லை? சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போது, "என் கைப்பக்குவத்துலதான் என்னமோ குறை போல" என்றீர்கள். மறுநாள் முதல் இன்னும் வெள்ளென எழுந்து, படகில் வந்த மீனைத் துறைக்கே போய் வாங்கி வந்தீர்கள். அதற்குப் பிறகு ஒரு பருக்கை வீணாக்கவில்லை அத்தை, அழுதுகொண்டே சாப்பிட்டேன். அடுத்த பரிசோதனைக்குள் மாரடைப்பில் நீங்கள் போய்விட்டீர்கள். என் ரத்தம் ஏறியது உங்களுக்குத் தெரியவே இல்லை. பையன் சுகப் பிரசவத்தில் பிறந்தான். நான் பயந்ததெல்லாம் வீண்.

போன வாரம் அதே நர்ஸ் என் சீட்டைப் பார்த்துவிட்டு, "ரத்தம் நல்லா இருக்கே, யாரு சமைக்கறது?" என்று கேட்டார்.

"நான்தான் சிஸ்டர். எங்க அத்தை செய்ற மாதிரியே செய்றேன். அன்னைக்கு அவங்களைத் திட்டினீங்க. அவங்க போட்டதை எல்லாம் நான்தான் பூனைக்குப் போட்டேன்."

அவருக்கு உங்களை நினைவில்லை. "தினம் எத்தனை பேர் வர்றாங்க மோளே" என்று அடுத்தவளைக் கூப்பிட்டார்.

பக்கத்தில் நின்ற உங்கள் மகன் காதிலும் நான் சொன்னது விழுந்துவிட்டது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அம்மா கடைசி வரைக்கும் தன் கைப்பக்குவத்துலதான் குறைன்னு சொல்லி வருத்தப்பட்டுச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் என்ன திட்ட வேண்டியிருக்கிறது?

மன்னிப்புக் கேட்க வாய் கூசுகிறது. ஒன்று மட்டும் செய்வேன். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு மத்திக் குழம்பு ஊட்டும்போதெல்லாம் இது ஆச்சி குழம்பு, இதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்வேன். அதைப் பூனைக்குப் போட்டது யார் என்றும் சொல்வேன்.

வெறும் பாத்திரத்தைக் காட்டி உங்களை ஏமாற்றிய மருமகள்,
செல்வி