பல்கனியிலிருந்து கண்ட திமிங்கிலம்

ஜனவரி, ஞாயிறு

ரொறன்ரோவுக்குத் திரும்பி இரண்டு நாளாகியும் கோபம் ஆறவில்லை.

திமிங்கிலம் பார்க்க ஆசைப்பட்டது நான். குளிர்காலத்தில் அவை கலிபோர்னியாக் கரையோரமாகப் போகும் என்று தேடிப்பிடித்ததும் நான். படகில் போக இருந்த அன்றைக்குப் பார்த்து, அங்கே இருக்கிற இவருடைய மச்சாள் சாப்பிடக் கூப்பிட்டாள்.

"இவ்வளவு தூரம் வந்திட்டு வீட்டை போகாட்டி என்ன நினைப்பினம்?" என்றார் இவர். படகுப் பயணத்தைக் கைவிட்டோம்.

மச்சாளின் வீடு கடலைப் பார்த்த வீடு. ஆண்கள் எல்லோரும் பல்கனியில் இருந்து கதைத்துக்கொண்டிருக்க, நான் உள்ளே குசினியில் அவளுக்கு உதவியாக வடை பொரித்தேன்.

இன்றைக்கு இவர் தன் தமையனோடு போனில் கதைக்கிறார்: "ஓம் அண்ணை, பல்கனியிலை இருந்தே கண்டனாங்கள். வாலைத் தூக்கி ஒரு அடி அடிச்சுது பாருங்கோ!"

போனை வைக்கும்வரை பொறுத்திருந்தேன். "என்னை ஏன் கூப்பிடேல்லை?"

"நீர் வடை பொரிச்சுக்கொண்டெல்லோ நிண்டனீர்."

அன்றைக்கு ஒருதரம் முகமெல்லாம் சிரிப்பாகக் குசினிக்குள் வந்து, இன்னொரு தட்டு வடை வாங்கிக்கொண்டு போனார். என் வடைக்குத்தான் அந்தச் சிரிப்பு என்று நினைத்து நானும் சிரித்தேன்.