குவைத்தில் தெரியாத கபடி

அனுப்புநர்
பெரம்பலூர் மகளிர் கபடி அணியின் ஒன்பதாம் எண் ஆட்டக்காரி,
லப்பைக்குடிகாடு, குன்னம் வட்டம்,
பெரம்பலூர் மாவட்டம்.
(பெயரைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். அதை வேறு யாரிடமும் காட்ட வேண்டாம்.)

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
பெரம்பலூர்.

பொருள்: பெரம்பலூர்–அரியலூர் பள்ளி மகளிர் கபடி லீக் – மருதையாறு டிவிக்கு உள்நாட்டு ஒளிபரப்பு உரிமை மட்டும் வழங்கப்பட்டது – வெளிநாட்டில் உள்ள தந்தையர் பார்க்க இயலாமை – இறுதிப் போட்டியை அவர்களும் காண வழி செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் நடக்கும் இறுதிப் போட்டிதான் இந்த லீகில் எனக்குக் கடைசி ஆட்டம். இந்த மனு எழுதுவது என் அம்மாவுக்கும் தெரியாது, எங்கள் பயிற்சியாளர் கலையரசி மிஸ்ஸுக்கும் தெரியாது. தெரிந்தால் என்னை வெளியே உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

2. லீக் ஆட்டங்களை மருதையாறு டிவி கேபிளிலும் தன் செயலியிலும் காட்டுகிறது. லீக் குழு அவர்களுக்கு இந்திய எல்லைக்குள் காட்டும் உரிமையை மட்டும் கொடுத்திருப்பதாக மைதானத்தில் ஒட்டிய அறிவிப்பில் இருக்கிறது. என் அத்தா, அதாவது தந்தை, கவுஸ் குவைத்தில் வேலை செய்கிறார். அவர் செயலியைத் திறந்தால், "இந்த நிகழ்ச்சி உங்கள் நாட்டில் கிடைக்காது" என்று மட்டும் வருகிறது. வெளிநாட்டு வேலைக்குப் போனவரை எங்கள் ஊரில் சபுராளி என்போம். எங்கள் தெருவில் சபுராளி இல்லாத வீடு குறைவு.

3. நம் பக்கத்துக் கபடியில் ரைடு பாடிப் போகிற பெண்ணின் பேரை மட்டும் சொல்ல மாட்டார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. ஊரையும் அப்பா பேரையும் சேர்த்து, "லப்பைக்குடிகாடு கவுஸ் மகள் ஆஃப்ரா வர்றாங்க" என்றுதான் சொல்வார்கள். மருதையாறு டிவியின் வர்ணனையாளர் அரியலூர் ஆபீசில் உட்கார்ந்து, திரையில் தெரிகிற எண்ணைப் பார்த்துப் பேர் சொல்கிறார்.

4. அரையிறுதியில் திருமழபாடி அணியோடு ஆடினோம். கடைசி ரைடு என்னுடையது. மூன்று பேர் என்னை மடக்கித் தூக்கிவிட்டார்கள். தலை கீழே, கால் மேலே. அப்படியே கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டேன். மூன்று புள்ளி, ஜெயித்தோம். ஆனால் நான் தலைகீழாக இருந்ததால் முதுகில் இருந்த ஒன்பது, திரையில் ஆறாகத் தெரிந்திருக்கிறது. ஆறாம் எண் என் தோழி வெற்றிச்செல்வியுடையது. "செட்டிகுளம் வேல்முருகன் மகள் வெற்றிச்செல்வி! மூணு பேரை இழுத்துட்டு வந்துட்டாங்க" என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். இன்றுவரை திருத்தவில்லை.

5. வேல்முருகன் மாமா சின்ன வெங்காயம் போடுகிறவர். டிவியில் தன் பேரைக் கேட்டதும் எழுந்து நின்று அழுதாராம். மறுநாளே செட்டிகுளம் பஸ் நிறுத்தத்தில் பிளக்ஸ் வைத்தார். எங்கள் பயிற்சி முகாமுக்கு ஒரு மூட்டை வெங்காயமும் அனுப்பினார். என்னுடைய மூன்று புள்ளிக்கு வந்த வெங்காயத்தில் சாம்பார் வைத்தார்கள். எல்லோரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை.

6. வெற்றிச்செல்வி கெட்டவள் இல்லை. "அப்பா ஊரு பூராச் சொல்லிட்டாருடி. இப்பப் போயி நான் இல்லன்னா அவரு மூஞ்சியை எப்புடிப் பாக்குறது" என்று என்னிடம் கேட்டாள். மிஸ்ஸிடம் போனேன். "எந்தப் புள்ள எடுத்தா என்ன, பாயிண்ட்டு நம்ம டீமுக்குத்தான. போய்ப் பிராக்டிஸப் பாரு" என்று அனுப்பிவிட்டார்கள்.

மனுவில் இதை எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். எனக்குப் பொறாமையாக இருக்கிறது ஐயா. பிளக்ஸ் மேல் இல்லை, பேர் மேலும் அவ்வளவு இல்லை. அவளுக்கு டிவி முன்னால் உட்கார ஓர் அப்பா இருக்கிறார். நான் எடுத்த புள்ளிக்குக்கூட அவள் அப்பாதான் அழுகிறார். அவள் "எங்கப்பா" என்று ஆரம்பித்தாலே நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுகிறேன். என் அத்தா பார்த்திருந்தால் எண்ணே தேவைப்பட்டிருக்காது. கோட்டைத் தொட்ட கையைப் பார்த்தே நான்தான் என்று சொல்லியிருப்பார்.

7. அரையிறுதி அன்று ஆட்டம் முடிந்ததும் அத்தா போன் செய்தார். அறையில் உடன் இருப்பவர்களும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டிருந்தார். ரைடை நான் வாயால் சொன்னேன். அங்கே கை தட்டினார்கள். பிறகு அத்தா, "எம்பேரச் சொன்னாங்களாம்மா?" என்று கேட்டார். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

8. அதே ஆட்டத்தின் பாதியில் என் தாய்மாமா ஆசிப், அத்தாவுக்காக மைதானத்திலிருந்து வீடியோ கால் போட்டார். டிவி ஆள் வந்து நிறுத்தச் சொன்னார். "வெளிநாட்டுக்குப் போவணும்னா அதுக்கு வேற ரைட்ஸ் பாய். அத யாரும் கேக்கல" என்றார். "கேக்கலையா? எங்க ஊருல வந்து ஒரு தடவ கேட்டுப் பாருங்க, பள்ளிவாசல் வரைக்கும் வரிசை நிக்கும்" என்றார் மாமா. மறுபடி போனைத் தூக்கினால் அணியையே நீக்கிவிடுவோம் என்று எச்சரித்து அனுப்பினார்கள். அதனால் இறுதிப் போட்டிக்கு மாமாவை வர வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.

9. அந்த டிவி ஆள் சொன்னதையே தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன். வெளிநாட்டு உரிமையை யாரும் கேட்கவில்லை, யாரும் வாங்கவில்லை. அது சும்மா கிடக்கிறது. அதைத் திறந்துவிட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. என் அத்தா தன் வெள்ளிக்கிழமை விடுமுறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, இறுதிப் போட்டி நடக்கும் ஞாயிற்றுக்கிழமையை வாங்கி வைத்திருக்கிறார். எப்படியாவது தெரியும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே தாங்கள் லீக் குழுவை அழைத்துப் பேசி, இறுதிப் போட்டியை மட்டுமாவது சபுராளிகள் பார்க்கும்படி செய்து தரப் பணிவுடன் வேண்டுகிறேன்.

அரையிறுதி ரைடைத் திருத்திச் சொல்லும்படி நான் கேட்கவில்லை. வேல்முருகன் மாமா அழுதது அழுததாகவே இருக்கட்டும்.

ஒருவேளை திறக்க முடியாது என்றால் இன்னொரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை நான் பாடிப் போகும்போது வெறும் ஆஃப்ரா என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். எல்லா வீட்டிலும் கேட்டு, அத்தாவுக்கு மட்டும் கேட்காத இடத்தில் அவர் பேரைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
லப்பைக்குடிகாடு கவுஸ் மகள் ஆஃப்ரா

இடம்: லப்பைக்குடிகாடு
நாள்: 16.11.2025

குறிப்பு: பதில் அனுப்பினால் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். இறுதிப் போட்டி குவைத்தில் தெரிந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.