‘யு’ போட்ட கலரும் போடாத கலரும்

செவ்வாய்க்கிழமை, டுரியான் துங்கால்.

இன்று வேலை நேர்முகத்தில் நானே எழுதிய, படம் வரையும் கணினிப் புரோகிராமைக் காட்டினேன். ஆங்கிலத்தில் ‘கலர்’ என்பதை நம் பள்ளியில் படித்தபடி ‘யு’ போட்டுத் தட்டினால், விரல் இழுக்கும் இடமெல்லாம் நீலம் ஓடும். அமெரிக்கர்களைப் போல ‘யு’ இல்லாமல் தட்டினால் சிவப்பு. அதுதான் விளையாட்டு.

மேனேஜர் அம்மா திரையில் இருந்த புரோகிராம் வரிகளைப் பார்த்தார். “என்னம்மா, ஒரே சொல்ல ரெண்டு விதமா எழுதியிருக்க? ஸ்பெல்லிங்கூட செக் பண்ணல லா.”

வேண்டுமென்றே செய்தது என்று சொல்லாமல், “சாரி மேடம்” என்றேன். திரையில் விரல்கூட வைக்காமல் லேப்டாப்பை மூடிவிட்டார். மூன்று மாத உழைப்பு.

வீட்டில் அப்பா, “நீ செஞ்சத பார்த்தாங்களாம்மா?” என்று கேட்டார்.

“பார்த்தாங்கப்பா.”

அவர் சந்தோஷமாகச் சிரித்ததைத்தான் தாங்க முடியவில்லை.