பழைய தொற்றுதான், அத்தை

அத்தை,

இன்று காலை சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்ததுமே அந்த வாசனை என்னை உங்களிடம் கொண்டுபோய் விட்டது.

எனக்கு அப்போது மூன்றாம் மாதம். அதற்கு முன் உண்டானது எதுவும் தங்கவில்லை என்பதால் டாக்டர் ஒரு ரத்த டெஸ்ட்டை எழுதியிருந்தார். பூனைக் கழிவிலிருந்தும் சரியாக வேகாத கறியிலிருந்தும் தொற்றும் ஓர் ஒட்டுண்ணிக்கானது. பாசிட்டிவ் என்று வந்தது. கருவுற்ற பிறகு தொற்றியிருந்தால் பிள்ளையின் கண்ணுக்கும் மூளைக்கும் ஆபத்து என்றார். இன்னொரு டெஸ்ட் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அது வீட்டில் யார் காதிலும் ஏறவில்லை.

உடுமலைப்பேட்டையிலிருந்து வந்திருந்த உங்கள் தங்கை, "கலைச்சுப்போடறதுதானுங்கக்கா நல்லது. எல்லாம் நீங்க வளர்த்தற பூனையாலதான்" என்றார்.

நீங்கள் எழுந்தீர்கள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். "கண்ணு, அடுத்த ரிசல்ட்டு வர்ற வரைக்கும் ஆரு பேச்சையும் கேக்காத. நானிருக்கறேன்."

அந்த நாட்களில் எனக்குச் சோறு ஊட்டாத குறைதான். நீங்கள் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர் முகம் மலர்ந்தது. "பழைய தொற்றும்மா. கர்ப்பத்துக்கு முன்னாடியே வந்து போயிருக்கு. குழந்தைக்குப் பயமில்லை."

"ஏனுங்க டாக்டரு, அப்ப மொத டெஸ்ட்டு பொய்யுங்களா?" என்று கேட்டீர்கள்.

"பொய்யில்லீங்க. தொற்றோட அடையாளம் சில பேர் ரத்தத்துல வருஷக்கணக்காக்கூட இருக்கும். அது புதுசா பழசான்னு மொத டெஸ்ட்டுக்குத் தெரியாது. நம்ம எதிர்ப்புச் சக்தி கிருமியை எவ்வளவு இறுக்கமாப் பிடிக்குதுன்னு ரெண்டாவது பார்க்கும். மாசம் ஆக ஆகத்தான் பிடி இறுகும். இவங்களுக்கு நல்லாவே இறுகியிருக்கு."

வெளியே வந்ததும் மருந்துக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதீர்கள். அதுவரை உங்களுக்குப் பயமே கிடையாது என்று நினைத்திருந்தேன்.

"என்னாலதான்னு நெனைச்சுப்போட்டேன் அம்மணி."

உங்கள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். பிறகு இருவருக்கும் அப்படியொரு பசி. எதிர்க் கடையில் நீங்கள் இன்னுமொரு தோசை என்று திரும்பத் திரும்பக் கேட்க, எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

உங்கள் பேத்தி கல்லூரிக்குப் போகிறாள். கண்ணாடிகூடப் போடாமல் பொடி எழுத்தெல்லாம் படிக்கிறாள். நீங்கள் இல்லாத வீட்டுக்கு நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிட்டோம். ஆனாலும் உங்களை நினைத்தால், அன்று என் தோளில் இருந்த உங்கள் தலையின் கனம்தான் முதலில் வருகிறது. அதை இறக்கி வைக்க எனக்கு மனமில்லை, அத்தை.