ராட்சதனின் வேகம்

ஏப்ரல் 3
பட்டியல் ஒருவழியாக முடிந்தது. வானத்தின் அந்தத் துண்டில் எவை என் கொத்தைச் சேர்ந்த விண்மீன்கள், எவை வழிப்போக்கர்கள் என்று பிரிக்க மூன்று வருடம். யாரும் சீண்டாத கொத்து. அட்டவணையில் ஓர் எண், அவ்வளவுதான்.

மிச்சம் இருப்பது ஒரு சிவப்பு ராட்சதன், முதுமையில் உப்பிப்போன விண்மீன். அது கொத்தைச் சேர்ந்தது என்றால் கொத்தின் வயது அறுபது கோடி ஆண்டு. ஆனால் அதன் வேகம் மட்டும் மற்றவற்றோடு ஒட்டவில்லை. கண்ணுக்குத் தெரியாத துணை விண்மீன் ஒன்று அதை இழுத்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான் காட்டும். மறுபடி அளக்க வேண்டும்; துணை இருந்தால் வேகம் மாறியிருக்கும். கனாரித் தீவுத் தொலைநோக்கியில் செப்டம்பரில்தான் நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

சவுனா நீராவிக் குளியலில் ஹெல்வேயிடம் இதைச் சொன்னேன். பக்கத்து மேசைக்காரி, பத்து வருடத் தோழி. சிரித்தாள். "ஒத்த நட்சத்திரத்துக்காக செப்டம்பர் வரைக்கும் உக்காந்திருப்பியாடி பிரெத்? அதையும் சேர்த்துக்கோ. எவன் வந்து பாக்கப்போறான்?" பட்டியலைச் சரிபார்த்துத் தருகிறேன் என்றாள். அனுப்பினேன்.

ஜூன் 12
என் கொத்து இன்று இணையத்தில் கட்டுரையாக வந்துவிட்டது, ஆய்விதழ் பார்ப்பதற்கு முன்பே. எழுதியவர்: ஹெல்வே. அவள் மட்டும். என் பட்டியல், ஒரு விண்மீன் கூட மாறாமல், ராட்சதனும் சேர்த்து. வயது அறுபது கோடி.

கடைசியில் ஒரு வரி: "பயனுள்ள உரையாடல்களுக்காகப் பிரெத்துக்கு நன்றி."

உரையாடலாம். அடிப்பாவி. மூணு வருஷம்டி.

ஜூன் 13
நேரே போய்க் கேட்டேன். கொஹுகே என்ற இனிப்புத் தயிர்க்கட்டியைக் கடித்தபடியே பதில் சொன்னாள். "உனக்கு நன்றி போட்டிருக்கேனே, பாக்கலையா? நீ எழுதவே மாட்டே பிரெத். யாராவது எழுதணும்ல?"

துறைத்தலைவி சில்வியிடம் போனேன். பட்டியல் கட்டுரை ஆகாதாம். இந்த வருடம் எந்தக் கட்டுரையும் அனுப்பாவிட்டால் டிசம்பருக்குப் பிறகு என் வேலையை நீட்டிக்க முடியாது என்பதையும் கையோடு ஞாபகப்படுத்தினாள்.

ஜூன் 23
யான் இரவு, நடுக்கோடைத் திருநாள். எல்லோரும் நெருப்பு மூட்டப் போயிருக்கிறார்கள். நான் போகவில்லை.

ஜூலை 8
இப்படியும் நடக்குமா? ஹெல்வேயின் கட்டுரையைச் சரிபார்த்துத் தரும்படி ஆய்விதழிலிருந்து எனக்கே அனுப்பியிருக்கிறார்கள். இந்தக் கொத்தைத் தெரிந்த வேறு ஆள் உலகத்தில் எங்கே இருக்கிறது! சரிபார்ப்பவர் பெயர் வெளியே தெரியாது. நான் நாலு வரி எழுதினால் கட்டுரை குப்பைக்குப் போகும்.

நாள் முழுக்கக் கை துறுதுறுத்தது.

முடியாது என்று திருப்பிவிட்டேன். காரணம் கேட்டார்கள். "எழுதியவர் என் தோழி" என்று எழுதினேன். அதை அடிக்கும்போதுதான் அழுகை வந்தது.

ஆகஸ்ட் 20
அவள் கட்டுரையை ஆய்விதழில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஹெல்வே அலுவலகத்துக்கு கிரிங்கல் இனிப்பு ரொட்டி கொண்டுவந்தாள். எனக்கும் ஒரு துண்டு வெட்டிவைத்தாள். தின்றேன். வெட்கங்கெட்ட வாய்.

செப்டம்பர் 29
மாதத் தொடக்கத்தில் ஒருமுறை, நேற்று ஒருமுறை அளந்தாகிவிட்டது. இரண்டிலும் பழைய வேகமேதான். துணையும் இல்லை, ஒன்றும் இல்லை. ராட்சதன் கொத்தைச் சேர்ந்ததே அல்ல. அதே திசையில், ஏறக்குறைய அதே தூரத்தில் வந்து நின்று உறவுக்காரன் மாதிரி காட்டியிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் கொத்தின் வயது இருபது கோடிதான்.

அறுபது தப்பு. அச்சில் வந்துவிட்ட தப்பு. சந்தோஷப்பட வேண்டும் போலிருக்கிறது. முடியவில்லை.

அக்டோபர் 14
ஹெல்வேக்குச் செய்தி எட்டிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேர் பெயரும் போட்டு ஒரு திருத்தம் வெளியிடலாமாம்.

"வேகம் ஒட்டலைன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பிரெத்."

"சொன்னேன். சவுனாவுல. நீ சிரிச்சே."

எழுந்து போய்விட்டாள்.

நவம்பர் 6
கட்டுரையை அனுப்பிவிட்டேன். எழுதியவர்: பிரெத். நான் மட்டும். நீட்டிப்புத் தாளில் சில்வி கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

கடைசி வரியை மட்டும் இரண்டு முறை அழித்தேன். பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"பயனுள்ள உரையாடல்களுக்காக ஹெல்வேக்கு நன்றி."