பழைய பிராசஸரைக் கழற்ற விடாதே

அண்ணா,

புது பிராசஸரைப் பொருத்தக் கடைக்காரர் சாயங்காலம் வருவார். பழையதைக் கழற்ற விடாதே. புதியது நம் மதர்போர்டில் கச்சிதமாக உட்காரும். ஆனால் போர்டின் பழைய பயாஸுக்கு, அதாவது கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் மென்பொருளுக்கு, அதை அடையாளம் தெரியாது. முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பழைய பிராசஸர் ஓட வேண்டும். அவரோ, "பழச நானே எடுத்துக்கிறேம்மா, ஒனக்கு எதுக்கு அது?" என்கிறார். ஏன் அவ்வளவு அக்கறை?

"ஒருத்தரையும் நம்ப மாட்டியா நீ?" என்று நேற்று கத்தினாய். போர்டின் கையேட்டை நான் தப்பாகவும் படித்திருக்கலாம், ஆனாலும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். ஆனால் கம்ப்யூட்டர் கண் திறக்காவிட்டால் நாளை வகுப்பில் ஒப்படைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

பி.கு.: அவர் சிரித்துப் பேசினால் நீ தலையாட்டிவிடுவாய். அதனால் புது பிராசஸரை என் பையில் எடுத்துப் போகிறேன்.

சோறு அடுப்பு மேல் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுக் கோபித்துக்கொள்.