கரப்பான்

முலுண்டில் இருக்கும் என் மகளுக்கு,

அந்த வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நீ மட்டும்தான் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு மறுபடியும் கரப்பான் என்று போனில் சொன்னதை மாப்பிள்ளை கரப்பான்பூச்சி என்று நினைத்து, மருந்தடிக்க ஆள் அனுப்பிவிட்டார். தாராவியின் இந்த ஒற்றை அறையில் அந்த நெடியிலேயே கிடந்து, கையெல்லாம் வெடித்துவிட்டது.

டாக்டர் என் தோல் கரப்பானை எக்ஸிமா என்றார். "அடங்கும், திரும்பவும் வரும். காரச் சோப்பு வேண்டாம். குளிச்ச ஈரத்தோட களிம்பு பூசுங்க. யாருக்கும் ஒட்டாது."

நீயும் போனில், "பூச்சியெல்லாம் போகட்டும்மா, பொறவு வந்து பேரனப் பாரு" என்றாய்.

மாப்பிள்ளைக்குத் தமிழ் அரைகுறை. உனக்குக் கரப்பான் தெரியும். சின்ன வயதில் உன் முழங்கை மடிப்பெல்லாம் அதுதான். அப்போது உன்னை இடுப்பைவிட்டு நான் இறக்கியதே இல்லை.

உன் அம்மா